ஜீனோவுக்கு ஒரு பெட்டி

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போகும் பாதையின் இரு புறமும் கடைகள். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், தேய்த்துக் குளிக்க எண்ணெய். இவற்றுக்கு நடுவே, சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக விளையாட்டுச் சாமான்கள். ஓலைப் பெட்டிக்குள் அம்பாசமுத்திரத்துச் சொப்பு: அம்மி, உரல், திருகை, குடம் எல்லாம் விரல் நீளத்தில், அரக்குப் பூச்சின் பளபளப்போடு. பக்கத்திலேயே கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் பைகளில், ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தும் வண்ணக் கட்டைகள். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் பிள்ளைகள் அதை லெகோ என்றுதான் கேட்பார்கள். சில பைகளின் அட்டையில் ஒரு விண்கலம் பறக்கும். செய்தவர் பெயர் இருக்காது, அது வந்த சினிமாவின் பெயரும் இருக்காது. ஆனாலும் ‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்த பிள்ளை ஒரே பார்வையில் கண்டுகொள்ளும்.

அம்மியைச் சின்னதாகக் கடைந்து விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த விண்கலத்தைச் சின்னதாகச் செய்து விற்பதென்றால் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்திடம் கேட்க வேண்டும், அதற்கென்று ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் கையால் கட்டும் உலகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எனக்கு இந்த இரண்டு சரக்குக்கும் நடுவில்தான் பிறந்தது.

முதலில் கட்டையைப் பார்ப்போம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய பட்டறைதான் லெகோ. ஆரம்பத்தில் மர பொம்மைகள்தாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949இல் வந்த முதல் கட்டை, இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் விற்றுவந்த கட்டையைப் பார்த்துச் செய்தது. இதை அந்த நிறுவனமே மறைப்பதில்லை. அந்தக் கட்டைக்குப் பிடிமானம் போதவில்லை; உயரமாகக் கட்டினால் சரிந்துவிடும். பிறகு, தச்சரின் மகன் காலத்தில், கட்டையின் வயிற்றுக்குள் குழாய்களை வைத்தார்கள். கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேல்கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் இடையில் போய் இறுகிக்கொண்டன. 1958 ஜனவரி 28 அன்று இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அன்று வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடு பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். ஆறே ஆறு கட்டைகளுக்கு இந்தக் கணக்கு.

காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்ததும் மற்றவர்களும் அதே அளவில் கட்டை வார்த்தார்கள். வடிவமே எங்கள் வணிக முத்திரை என்று லெகோ வழக்காடியது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் ஏற்கவில்லை. குமிழ் அங்கே இருப்பது வேலை செய்வதற்காக. வேலை செய்யும் வடிவத்தை ஒருவரே என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இரண்டு தீர்ப்புகளின் சாரம். எனவே குற்றாலத்துப் பையில் இருக்கும் வெறும் கட்டையில் குற்றம் எதுவும் இல்லை. அட்டையில் பறக்கும் விண்கலம்தான் பிறர் சொத்து.

அந்தச் சொத்தின் வரலாறு 1977இல் ஆரம்பிக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தபோது பொம்மை முதலான சரக்குகளின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பொம்மை செய்யும் உரிமம் கென்னர் என்ற நிறுவனத்துக்குப் போனது. படம் அப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? பொம்மை இல்லாத அட்டை உறையை விற்றது. உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு பொம்மை தபாலில் வரும். பெற்றோர்கள் அதையும் வாங்கினார்கள். பொருள் வருமுன்பே கதை விலைபோய்விட்டது. பொம்மைத் தொழிலின் பிற்காலம் முழுவதையும் அந்தக் காலி உறையில் பார்க்கலாம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1978இல், லெகோ தானாகவே விண்வெளிச் செட்டுகளைக் கொண்டுவந்தது. சினிமா கிடையாது, உரிமம் கிடையாது. சிரித்த முகமுள்ள சின்ன விண்வெளி வீரர்கள், நிலா வண்டி, ஏவுதளம். எதிரி என்று யாரும் இல்லை. கதை இல்லாததால் கதையைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமம் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது பில்லுண்டில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. போர்க் கருவிகளைப் பொம்மையாக்குவதில்லை என்பது அந்த வீட்டின் நெடுநாள் கொள்கை. இந்தப் படத்தின் பெயரிலேயே போர் இருந்தது. கடைசியில் 1999இல் முதல் செட்டுகள் வந்தன, நன்றாக விற்றன. ஆனால் 2003இல் அந்த மாதிரிப் பெரிய படங்கள் திரைக்கு வராதபோது விற்பனை சரிந்தது. கம்பெனி திவாலின் விளிம்புவரை போய் மீண்டது. கதையை வாடகைக்கு எடுத்தவனின் வியாபாரம் கதைக்காரனின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நடக்கும். 2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2017இல் வந்த ‘மில்லேனியம் ஃபால்கன்’ என்ற விண்கலச் செட்டில் 7,541 துண்டுகள். நம் ஊரில் பல குடும்பங்களின் மாத வருமானம் அதன் விலையைத் தொடாது.

விலை எட்டாத இடத்தில் போலி முளைக்கும். சீனாவில் லெபின் என்ற பெயரில் அந்தச் செட்டுகளைத் துண்டுக்குத் துண்டு, பெட்டிப் படம்வரை நகலெடுத்து விற்றார்கள். 2020இல் ஷாங்காய் நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தது. இங்கே இந்தியாவில் பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையைப் பொதுவாக விற்கக் கூடாது. நம் தொழிலைக் காக்க வந்த ஏற்பாடு இது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் காக்கப்பட்ட தொழில் எந்தக் கதையைக் கட்டித் தருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பெயரில்லாத போலீஸ் ஸ்டேஷன், பெயரில்லாத தீயணைப்பு வண்டி, அல்லது யாருடையதோ போலத் தெரியும் விண்கலம்.

உரிமம் பெற்ற செட்டைக் கட்டுவதை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் ஒன்றையாவது முழுதாகக் கட்டிப்பார்க்க வேண்டும். எண் போட்ட பைகளை வரிசையாகப் பிரித்து, படப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டும்போது, சாய்ந்த இறக்கையைச் சதுரக் கட்டையில் எப்படிக் கொண்டுவந்தார்கள், எடை தாங்கும் எலும்பை எங்கே ஒளித்தார்கள் என்பதெல்லாம் விரலுக்குத் தெரியவரும். ஓர் எண்ணம் எப்படிப் பொருளாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் வாத்தியார் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

தென்காசியில் என் அக்கா மகனுக்கு அப்படி ஒரு விண்கலத்தைத் துபாயில் வேலைபார்க்கும் அவன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். கட்டி முடித்து ஷோகேஸில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஓர் இறக்கை கழன்றது. கழன்ற இறக்கை செங்கோட்டை பஸ்ஸுக்குக் கூரையானது. பஸ்ஸுக்கு டிரைவர் விண்வெளி வீரன். அதன் பிறகுதான் அந்தக் கட்டைகள் அவனுடையவை ஆயின என்று சொல்வேன். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்த ஒரு மழைநாளில் அவனுக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கதையைச் சொன்னேன். ஜீவா என்ற சர்வாதிகாரி, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலா, புத்தகம் படித்துச் சுயமாக யோசிக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். அவன் கேட்டுக்கொண்டே கட்டையைக் கிளறினான். இரண்டு குமிழ்ச் சாம்பல் கட்டை மூக்கு. பழைய விண்கலத்தின் கண்ணாடி, நாயின் முதுகு. பிரிய மறுத்த ஒரு தட்டைத் துண்டைப் பல்லால் கடித்து எடுத்தான்.

“மாமா, ஜீனோவுக்கு வால் வேணும்லா?”

“வைக்கலாம்லே.”

“படத்துல எப்படி இருக்கு?”

“நம்ம கையில இருக்க புத்தகத்துல படம் இல்லலே. கதைதான்.”

“அப்போ அது யோசிக்கும்போது மட்டும் வால் ஆடும்” என்று சொல்லி ஒரு கீலைத் தேடி எடுத்து வாலைப் பொருத்தினான்.

படம் இல்லாதது அவனுக்கு நல்லதாகப் போயிற்று. அதனால் கதைகள் பெட்டிக்குள் போகாமல் இருப்பதே மேல் என்று வாதாடலாம். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜீனோவைச் சொல்ல ஆள் இல்லாத வீடுகளே அதிகம். 1980களில் ஆனந்த விகடனில் அந்தத் தொடரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்குள் கதையைத் தூக்கிக்கொண்டு போவது பெட்டிதான். அமெரிக்கக் கதை இங்கே வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

இந்தப் பாதை நமக்குப் புதிதும் இல்லை. தென்காசியிலிருந்து ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி. அங்கே 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. லண்டனில் 1962 முதல் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரத் தொடரின் தமிழ் வடிவம் அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும். அரை நூற்றாண்டாகத் தென்பாண்டிச் சீமையின் பையன்கள் அவனைத் தங்கள் ஊர்க்காரனாகவே நினைத்து வளர்ந்தார்கள். அச்சாபீஸ் ஊரிலிருந்த ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்தோடு பேசி, உரிமை வாங்கி, நியூஸ்பிரிண்டில் அடித்து, பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் கொடுத்ததால் நடந்தது அது. ஆகவே உரிமம் என்பது பகை இல்லை. உள்ளே வரும் உரிமத்தை அரை நூற்றாண்டாகக் கையாளத் தெரிந்த நாம், நம் கதைகளை வெளியே கொடுக்கும் உரிமத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கதைக்குப் பஞ்சமும் இல்லை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 1963இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பறக்கும் தட்டில் பூமிக்கு வருகிறார்கள். எதற்கு? படையெடுக்க இல்லை. தங்கள் கிரகத்தில் சங்கீதம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஒரு பாடகியைத் தூக்கிப்போக வருகிறார்கள். உலக சினிமாவில் இப்படி ஒரு காரணத்துக்காக விண்கலம் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. இந்தியச் சட்டப்படி சினிமாவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் ‘கலை அரசி’ படத்தின் உரிமை 2023 டிசம்பரோடு முடிந்தது. எழுத்து, பாட்டு, இசை ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்கு எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். சுஜாதா 2008இல் காலமானார். அவர் எழுத்தின் உரிமை 2068 முடியும்வரை அவருடைய வாரிசுகளுடையது. ஜீனோ பொதுச் சொத்தாகும் நாளில் என் அக்கா மகன் தலை நரைத்திருப்பான்.

உரிமைப் பேச்சு என்றால் தென்காசி மாவட்டத்தில் கடையத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த பாரதி, தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது தொகுதிகளாக அச்சிட்டு மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல வீட்டுக்கு வீடு போகச் செய்யவேண்டும் என்று கனவு கண்டார். நண்பர்களுக்குப் பணம் கேட்டு எழுதினார். பணம் வரவில்லை. 1921இல் போய்ச் சேர்ந்தார். பிறகு அவருடைய பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமை ஒரு கிராமஃபோன் வியாபாரியிடம் போய், அங்கிருந்து படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. நாடு முழுவதும் பாடிக்கொண்டிருந்த பாட்டை வேறொருவர் படத்தில் பாடினால் வழக்கு என்ற நிலை. 1949இல் மாகாண அரசு உரிமையை வாங்கியது. பின்னர் பாரதி எல்லாருக்கும் பொதுவானார். எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து எழுத்தை ஊருக்குப் பொதுவாக்கும் நாட்டுடைமை என்ற அந்த ஏற்பாட்டை உலகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டலாம். அப்படியும் நாம் பொதுவாக்கியவற்றைப் புத்தகமாக மட்டுமே திரும்பத் திரும்ப அச்சிடுகிறோம். கல்கியும் நாட்டுடைமைதான்; ‘பொன்னியின் செல்வன்’ எத்தனை பதிப்பகங்கள் போட்டன! அதில் வரும் கப்பலைக் கட்டைகளாகப் பிரித்து ஒரு பையில் போட எவருக்கும் தோன்றவில்லை.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்து, அதை யார் சரிசெய்கிறார்களோ அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறான் ராஜா. தன் பெயரைக் காப்பாற்று என்று கேட்கவில்லை, தொடர்ந்து கட்டு என்று கேட்கிறான். நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1990இல் மறுபடி எழுந்தது. பெயர் தெரியாத பின்னாட்களின் கொத்தனார்களுக்குக் கொடுத்துவைத்த அனுமதி அது. நான் அறிந்த உரிமங்களில் மிகப் பெரியது.

அந்த மனத்தோடு நம் காலத்தில் என்ன செய்யலாம்? லெகோவிலேயே ஒரு வழி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு வடிவத்தைக் கட்டி முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். வெளிவந்தால் கட்டியவருக்கு விற்பனையில் ஒரு சதவீதம். சிறுகோளிலிருந்து மண் கொண்டுவந்த ஹயபூசா விண்கலத்தை ஜப்பானிய ரசிகர்கள் இதுபோல ஆதரவு திரட்டித்தான் 2012இல் 369 துண்டுகளில் செட்டாக்கினார்கள். நிலாவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட், 2017இல், 1,969 துண்டுகளோடு வந்தது. எண்ணிக்கையே நிலாவில் இறங்கிய ஆண்டு.

நமக்கோ விண்வெளி வெகு தூரத்தில் இல்லை. குற்றாலத்துக்கு நீர் தரும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இஸ்ரோ தன் ராக்கெட் மாதிரிகளைச் செய்து விற்கத் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதியும் தருகிறது. இன்னொரு பக்கம் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறைகள் இருக்கின்றன. அவர்களுடைய சொப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மரத்தைச் சுழலவிட்டு, உளியால் வடிவெடுத்து, சுழற்சியின் சூட்டிலேயே அரக்கை உருக்கிப் பூசும் அந்தக் கைகளுக்கு உருண்டையாக, நீளமாக, நுனி கூராக இருக்கும் எதுவும் எளிது. ராக்கெட் கடைசலுக்கென்றே பிறந்த வடிவம். அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டும் மர ராக்கெட் ஒன்று குற்றாலத்து ஓலைப் பெட்டியில், உரலுக்கும் திருகைக்கும் பக்கத்தில் ஏன் இருக்கக் கூடாது? மகேந்திரகிரியும் அம்பாசமுத்திரமும் ஒரே மாவட்டம். நடுவில் தேவைப்படுவது ஒரு விண்ணப்பம்.

கதைகளை வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. எழுத்தாளர்களின் வாரிசுகளே, பதிப்பாளர்களே, படத் தயாரிப்பாளர்களே, உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. சின்னத் தொகைக்கு, சின்னப் பட்டறைக்கு, தமிழில் அச்சிட்ட படப் புத்தகத்தோடு, ஒரு பை கட்டைக்கு உரிமம் கொடுங்கள். முதல் பையில் ஜீனோ இருக்கட்டும். வால் எப்படி வைப்பது என்று மட்டும் புத்தகத்தில் போட வேண்டாம். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.